கதிரவன் இருளும் கதைகள்: காரணம் தேடும் கற்பனையும் ஆமோசின் நண்பகலும்

1. ஒரு கையெழுத்துப் படி

ஜவ்வாது மலையடிவாரத்தில், அமிர்தியை அடுத்த சிற்றூர்ச் சபையொன்றில், சென்ற கோடைக்காலத்து ஞாயிறு மாலை வாலிபர் கூட்டம் முடிந்தபின் ஓர் இளைஞர் என்னை அணுகினார். ஆம்பூரிலுள்ள காலணித் தொழிற்சாலையொன்றில் தையல் பிரிவில் பணியாற்றுபவர் அவர். பள்ளி நோட்டுப் புத்தகமொன்றில் ஒரு கதையைப் பாதிவரை எழுதியிருந்தார். "ஐயா, என் கதையில் சூரியன் அணைய வேண்டும். படிப்பவர்கள் சிரிக்காதபடி, அறிவியல் ஏற்றுக்கொள்ளும் ஒரு காரணம் சொல்லுங்கள்" என்று கேட்டார். நாள் முழுவதும் மூன்று சபைகளில் ஆராதனை நடத்திய களைப்பு ஒருபுறம். இறையியல் கற்பிப்பவன் என்னும் மிடுக்கு மறுபுறம். "வெளிப்படுத்தின விசேஷத்தில் நான்காம் கலசம் சூரியன்மேல் ஊற்றப்படுகிறதே, அதைவிட வேறு காரணம் எதற்குத் தம்பி?" என்று கூறி அனுப்பிவிட்டேன். அவர் மறுமொழி பேசாமல் நோட்டுப் புத்தகத்தை மடித்துக்கொண்டு போனார்.

அவர் கேட்டது அற்பமான கேள்வியன்று என்பதைப் பின்னரே உணர்ந்தேன். காரணமின்றி ஒரு பேரழிவை நம்ப அவர் மனம் மறுத்தது. அம்மறுப்பில் ஒரு நேர்மை இருந்தது. நானோ மறைநூல் வசனத்தைக் கொண்டு அந்த நேர்மையை அடைத்துவிட்டேன். அக்கேள்விக்குக் காலந்தாழ்த்தித் தரும் விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். கதிரவனுக்கு நேரும் பேரழிவுக்கு அறிவியல் காரணம் தேடிய புனைவுகளுள், நமக்கு மிக அண்மையில், இலங்கை மண்ணில் வாழ்ந்த ஓர் எழுத்தாளரின் நாவலை எடுத்துக்கொண்டு, அக்காரணம் கதைக்கு எவ்வகையில் உதவிற்று, எவ்விடத்தில் கைவிட்டது, திருமறையின் இருண்ட கதிரவனை விளக்கும் நமக்கு அது எதைக் கற்பிக்கிறது என்பவற்றை ஆராய்வோம்.

2. கிளார்க்கின் நாவல்

ஆங்கிலேயராகிய ஆர்தர் சி. கிளார்க் 1956ஆம் ஆண்டில் இலங்கையில் குடியேறி, 2008 மார்ச்சில் கொழும்பில் மறையும்வரை அந்நாட்டையே தம் இல்லமாகக் கொண்டவர். 'தொலைதூரப் பூமியின் பாடல்கள்' என்று தமிழில் கூறத்தக்க அவருடைய நாவல் 1986இல் வெளிவந்தது. 1958இல் அதே பெயரில் வந்த சிறுகதையின் விரிவே இது. சூரியன் வெடித்து அழியும் கருப்பொருள் அவருக்குப் புதியதன்று. 1946இல் அச்சான 'மீட்புக் குழு' என்னும் தொடக்ககாலக் கதையிலேயே, வெடிக்கவிருக்கும் சூரியனிடமிருந்து மனிதரைக் காப்பாற்ற வேற்றுலகத்தார் விரைந்து வருகின்றனர். ஆனால் அங்கே சூரியன் ஏன் வெடிக்கிறது என்று அவர் விளக்க முற்படவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து எழுதிய நாவலில் காரணம் கூறாமல் அவரால் இருக்க இயலவில்லை. வான்வெளிக் கதைகள் மந்திரக் கதைகளாகிவிட்ட காலத்தில், இயற்கை விதிகள் தடைசெய்யாதவற்றை மட்டுமே கொண்டு எழுதுவதென்று அவர் உறுதி பூண்டிருந்தார்.

கதைச் சுருக்கம் இது. சூரியன் ஏறத்தாழ 3600ஆம் ஆண்டளவில் வெடிக்கும் என்பதை அறிவியலார் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டறிகின்றனர். மனிதகுலம் தன் உயிர்வித்துகளை ஆளில்லாக் கலங்களில் ஏற்றி வேறு விண்மீன்களுக்கு அனுப்புகிறது. அவற்றுள் ஒன்று, கடலால் சூழப்பட்டு மூன்று தீவுகளை மட்டுமே நிலமாகக் கொண்ட தலாசா என்னும் கோளை அடைகிறது. அங்கு ஒரு சமுதாயம் அமைதியாகத் தழைக்கிறது. பின்னர், சூரியனின் இறுதியைக் கண்ணாரக் கண்டு புறப்பட்ட 'மகெல்லன்' என்னும் கலம், உறைதுயிலில் ஆழ்ந்த பத்து இலட்சம் மக்களைச் சுமந்துகொண்டு தன் பனிக்கவசத்தைப் புதுப்பிக்க அங்கு வந்து தங்குகிறது. பூமியைப் பறிகொடுத்தவர்களும் பூமியையே அறியாதவர்களும் சந்திக்கும் அச்சில காலமே நாவலின் பொருள். வெடிப்பு பின்னணியில் நிற்கிறது. இழப்பே முன்னணியில் நிற்கிறது.

3. காணாமற்போன துகள்கள்

கிளார்க் தேர்ந்த காரணம் வெறுங்கற்பனையன்று. அக்காலத்து இயற்பியலாரை உண்மையாகவே உறங்கவிடாத புதிர் அது. சூரியனின் நடுவே ஐதரசன் அணுக்கருக்கள் இணைந்து ஈலியமாகின்றன. அவ்விணைப்பில் ஒளியோடு நியூட்ரினோ என்னும் நுண்துகளும் பிறக்கிறது. 1930இல் பௌலி இதன் இருப்பை ஊகித்தார். 1956இல் ஆய்வகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. நடுவில் பிறந்த ஒளி, மோதி மோதி மேற்பரப்பை அடையப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. நியூட்ரினோவோ எதனாலும் தடைபடாமல், எட்டு நிமிடங்களுக்குச் சற்று மேலான நேரத்தில் பூமியை அடைகிறது. ஆகவே நாம் இன்று காணும் வெயில் சூரிய நடுவின் பழங்கதை. நியூட்ரினோவே அதன் இன்றைய செய்தி.

அமெரிக்காவின் ஓம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில், உலர்சலவைக்குப் பயன்படும் குளோரின் சேர்ந்த திரவம் அறுநூறு டன்னுக்கு மேல் நிரப்பிய தொட்டியொன்றை அமைத்து, ரேமண்ட் டேவிஸ் அச்செய்திக்குக் காத்திருந்தார். 1968இல் வெளியான முதல் முடிவுகளும் அதன்பின் தொடர்ந்த ஆண்டுகளின் கணக்கும் திகைப்பூட்டின. ஜான் பாகால் என்பவர் கணித்த எண்ணிக்கையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே கிடைத்தது. கணக்குப் பிழையா, கருவிப் பிழையா, அல்லது சூரியனின் நடுவிலேயே ஏதேனும் குறையா? நடு அடுப்பு தற்காலிகமாகத் தணிந்திருக்கலாம் என்றுகூடச் சில அறிஞர் எண்ணினர். இந்த ஐயத்தையே கிளார்க் பற்றிக்கொண்டார். துகள்கள் குறைவது சூரியன் நோயுற்றதற்கு அடையாளம். அந்நோயின் முடிவு வெடிப்பு என்று தம் கதையை அமைத்தார்.

இவ்விடத்தில் நம் வட்டாரத்தை நினைத்துக்கொள்வது பொருந்தும். ஒரு காலத்தில் வட ஆற்காடு என்றழைக்கப்பட்ட இப்பகுதியிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற ஏழை மக்களின் உழைப்பால் ஆழ்ந்தது கோலார் தங்கவயல். அச்சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில்தான், வானக்கதிர்கள் நம் காற்றுமண்டலத்தில் மோதுவதால் தோன்றும் நியூட்ரினோக்கள் 1965இல் பதிவாயின. இயற்கையில் தோன்றும் அத்துகளை உலகில் முதன்முதல் கண்ட இரு குழுக்களுள் கோலார்க் குழுவும் ஒன்று. அவை சூரியனிலிருந்து வந்தவையல்ல என்பது உண்மையே. ஆயினும் நம் மூத்தோர் பொன்னுக்காகத் தோண்டிய இருட்டில் விண்ணின் செய்தி வந்திறங்கிற்று என்பதை நம் இளைஞர் அறிதல் நன்று. மேலும், கிளார்க்கின் நாவல் வெளியான அதே 1986ஆம் ஆண்டின் சனவரியில்தான், நம் ஜவ்வாது மலையிலேயே காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி நாட்டுக்கு அளிக்கப்பட்டு, அந்த ஆய்வகம் வைணு பாப்புவின் பெயரைப் பெற்றது.

4. சரிந்த அடித்தளம்

நாவல் வெளிவந்து பதினைந்து ஆண்டுகளில் அதன் அறிவியல் அடித்தளம் சரிந்தது. கனடாவின் சட்பரி ஆய்வகம் ஆயிரம் டன் கனநீரைக் கொண்டு 2001, 2002 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட முடிவுகள் புதிரை அவிழ்த்தன. துகள்கள் குறையவில்லை, வழியில் தம் வகையை மாற்றிக்கொண்டன. டேவிசின் தொட்டி ஒருவகையை மட்டுமே காண வல்லது. எல்லா வகைகளையும் சேர்த்து எண்ணியபோது பாகாலின் கணக்குச் சரியாயிற்று. சூரியன் நலமாகவே இருந்தது. துகளைப் பற்றிய நம் அறிவே நலிவுற்றிருந்தது. டேவிசுக்கு 2002இலும், வகைமாற்றத்தை நிறுவியவர்களுக்கு 2015இலும் நோபல் பரிசு கிடைத்தது.

நாவலின் காரணம் எழுதப்பட்ட நாளிலேயே ஓரிடத்தில் தளர்ந்திருந்தது என்பதையும் நேர்மையாகக் கூற வேண்டும். நோவா எனப்படும் வெடிப்பு, இணைந்து சுழலும் இரு விண்மீன்களுள் ஒன்றாகிய வெண்குறுமீன் தன் துணையிடமிருந்து வாயுவை ஈர்த்து மேனியில் குவித்துக்கொள்ளும்போது நிகழ்வது என்பது 1960களிலேயே அறியப்பட்டிருந்தது. நம் சூரியன் தனி விண்மீன். பெருவெடிப்பாகிய சூப்பர்நோவாவாக மாறவோ அதற்குப் போதிய எடையில்லை. சூரியனைப்போல் எட்டு மடங்குக்கு மேற்பட்ட எடை வேண்டும். நடுவில் அனல் தணிந்தால் சூரியன் மெல்லச் சுருங்குமேயன்றி வெடிப்பது எவ்வாறு? துகள் குறைவு என்னும் உண்மையிலிருந்து வெடிப்பு என்னும் முடிவுக்குக் கிளார்க் பாலமின்றித் தாவுகிறார். அந்தத் தாவலை அவருடைய தெளிந்த நடை மறைத்துவிடுகிறது.

இன்றைய அறிவின்படி சூரியனின் முதுமை வேறு வகையானது. அதன் வயது ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள். அது சிறிது சிறிதாக ஒளி மிகுந்துகொண்டே போகிறது. இன்னும் நூறு கோடி ஆண்டளவில் பூமியின் கடல்கள் வற்றத் தொடங்கும். ஐந்நூறு கோடி ஆண்டளவில் அது செம்பெருமீனாக விரியும். நம் தலைமுறைகளுக்குச் சூரியனால் நேரக்கூடிய மெய்யான இடர் காந்தப்புயலே. 1859 செப்டம்பர் முதல் நாள் காரிங்டன் என்பவர் சூரியனில் ஒரு வெண்சுடரைக் கண்டார். மறுநாள் பம்பாய்க் கொலாபா ஆய்வகத்தின் காந்தமானி கண்ட பெருவீழ்ச்சி, அப்புயலின் வலிமையை இன்றும் அளவிட உதவும் அரிய சான்று. 1989 மார்ச்சில் அதைவிடச் சிறிய புயலொன்று கனடாவின் கியூபெக் மாநிலத்தில் அறுபது இலட்சம் மக்களை ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றி நிறுத்திற்று. 2023 செப்டம்பரில் நம் நாடு அனுப்பிய ஆதித்யா எல்-1 சூரியனை இடைவிடாது நோக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். என்னிடம் வந்த இளைஞருக்கு அன்றே இதைச் சொல்லியிருக்கலாம். சூரியன் அணைய வேண்டியதில்லை. அது ஒருமுறை தும்மினாலே போதும், நம் மின்விளக்குகள் அணையும்.

5. காரணம் எதற்காக?

அடித்தளம் சரிந்ததால் நாவலும் சரிந்ததா? இல்லை என்பதே என் கருத்து. இதற்கு முன்னுதாரணமும் உண்டு. எச். ஜி. வெல்ஸ் 1895இல் எழுதிய 'கால எந்திரம்' என்னும் நூலில், மூன்று கோடி ஆண்டுகளுக்கு அப்பால் சிவந்து மங்கிய சூரியன் வெறிச்சோடிய கடற்கரைமேல் தொங்குகிறது. சூரியன் சுருங்குவதால் மட்டுமே வெப்பம் பிறக்கிறது என்று கெல்வின் பிரபு கணித்த குறுகிய ஆயுளே அக்காலத்து அறிவியல். அணுக்கரு ஆற்றல் அறியப்பட்டபின் அக்கணக்கு வீழ்ந்தது. கடற்கரைக் காட்சியோ வீழவில்லை. காரணம் பொய்த்தும் கதை நிலைத்தது.

அப்படியானால் காரணம் எதற்கு? காரணம் கதைக்கு ஒரு கால அளவைத் தருகிறது; அக்கால அளவே மாந்தரின் ஒழுக்கச் சூழலைத் தீர்மானிக்கிறது. எட்டு நிமிடத்தில் வரும் அழிவு வேறு, எட்டு நாளில் வரும் அழிவு வேறு, ஆயிரத்தைந்நூறு ஆண்டில் வரும் அழிவு வேறு. முதலாவதில் அலறலுக்குக்கூட இடமில்லை. இரண்டாவதில் அச்சமும் கொள்ளையும் மன்னிப்பும் உண்டு. மூன்றாவதில்தான் கல்வியும் திட்டமும் தள்ளிப்போடுதலும், தாம் காணப்போகாத பேரன்மாருக்காக உழைத்தலும் நிகழ்கின்றன. ஃபிரெட் ஹாயில் என்னும் வானியலார் 1957இல் எழுதிய 'கருமேகம்' நாவலில், வான்வெளியினின்று வந்த மேகம் சூரியனை மறைக்கிறது. அவர் தேர்ந்த காரணம் மாதங்களையே தருகிறது. ஆகவே அது ஆட்சியாளரும் அறிஞரும் மோதும் கதையாகிறது. கிளார்க் தேர்ந்ததோ நூற்றாண்டுகளைத் தருகிறது. ஆகவே அது பிரிவாற்றாமையின் கதையாகிறது.

நியூட்ரினோவைத் தேர்ந்ததில் இன்னுமொரு நயம் உண்டு. அக்கதையில் வானத்துச் சூரியன் வழக்கம்போலவே உதிக்கிறது, பயிர் விளைகிறது, வெயில் குறையவில்லை. ஆழ்சுரங்கத்தில் அமர்ந்த சிலருக்கு மட்டும், கண்காணாத சாட்சியொன்று முடிவை அறிவிக்கிறது. காண்பவற்றை நம்புவதா, காணாதவற்றின் சாட்சியை நம்புவதா என்னும் வினா எழுகிறது. எபிரேயர் நிருபம் பதினோராம் அதிகாரத்தில், இன்னும் காணப்படாதவற்றைக் குறித்து எச்சரிக்கப்பட்ட நோவா பேழையைக் கட்டியதை நாம் எத்தனை முறை பிரசங்கித்திருப்போம்! வெயில் காய்ந்துகொண்டிருந்த நாளில் மரம் அறுத்தவனின் நிலையை, சமயப் பற்றில்லாத ஒரு எழுத்தாளர் இயற்பியலின் துணையால் நமக்கு மீண்டும் உணர்த்துகிறார். நம்பத்தகுந்த காரணம் இல்லாதிருந்தால் இந்த உணர்வு வாய்த்திராது.

6. நாவலின் குறை

பாராட்டியபின் குறையையும் கூற வேண்டும். உயிர்வித்துக் கலங்களோடு அனுப்பிய நூலகங்களிலிருந்து சமய நூல்கள் யாவும் நீக்கப்பட்டன என்று நாவல் கூறுகிறது. வேதங்களும் திருமறையும் திரிபிடகமும் குர்ஆனும் புதிய உலகில் பகையை விதைக்கும் என்று கருதிக் கண்ணீரோடு அவற்றை விலக்கினராம். தலாசா மக்கள் கடவுளை அறியாதவர், சண்டை அறியாதவர், ஆர்வமும் குறைந்தவர். மோசஸ் கல்டோர் என்னும் முதியவர் அவர்களுக்குப் பூமியின் நினைவை எவ்வளவு தரலாம் என்று எடைபோடுகிறார். படைத்தவராகிய கடவுள் ஒருவர், நன்மை தீமைக்குப் பலனளிக்கும் கடவுள் மற்றொருவர் என்று பிரித்துக்காட்டி, பின்னவரைப் புள்ளிவிவரம் மறுத்துவிட்டது என்று விளக்குகிறார். நல்லோர்க்கும் தீயோர்க்கும் இன்பதுன்பம் தற்செயலாகவே நேர்கின்றன என்பதே அம்மறுப்பு.

இதைக் கண்டு நாம் சினங்கொள்ள வேண்டியதில்லை. யோபுவின் நண்பர்களை மறுக்கக் கணிப்பொறி தேவையில்லை; யோபு புத்தகமே போதும். தீயோர்மேலும் நல்லோர்மேலும் சூரியன் உதிப்பதை மலைப்பிரசங்கம் குறையாகவன்று, தந்தையின் நிறைவாகவே கூறுகிறது. கிளார்க் மறுத்த கடவுள் கணக்குப்பிள்ளைக் கடவுள். அவரை நாமும் வணங்குவதில்லை. அதே கல்டோர், கண்டித் தலதா மாளிகையின் புத்த தந்ததாதுவைத் தம்மோடு எடுத்துவருவதையும் நாவல் மறைக்கவில்லை. நூல்களை விலக்கிய மனிதகுலம் ஒரு பல்லை விலக்க மனமில்லாதிருந்தது. தம் அடக்கத்தில் சமயச் சடங்கு எதுவும் கூடாதென்று எழுதிவைத்த கிளார்க், இலங்கை மக்களின் பக்தியை எள்ளாமல் எழுதியிருப்பது குறிக்கத்தக்கது.

என் குறை வேறிடத்தில் உள்ளது. அந்த அழிவுக்கு யாரும் பொறுப்பல்லர். சூரியன் தானே நோயுறுகிறது. ஆகவே நாவலில் துயரம் உண்டு, மனந்திரும்புதல் இல்லை. பிரிவு உண்டு, தீர்ப்பு இல்லை. கலத்தில் ஏறிய பத்து இலட்சம் பேர் எவ்வாறு தெரிந்துகொள்ளப்பட்டனர், விடப்பட்டோர் யாவர், அவர்களுள் கூலிக்காரர் எத்தனை பேர் என்னும் வினா கதையின் மையத்துக்கு வருவதேயில்லை. குற்றமற்ற பேரழிவு வாசகரையும் குற்றமற்றவராக்கிவிடுகிறது. இக்குறை இல்லாத கதையொன்றைக் கிளார்க்கே 1955இல் எழுதியிருக்கிறார். 'விண்மீன்' என்னும் அச்சிறுகதையில், இயேசு சபைத் துறவியாகிய வானியலார் ஒருவர், ஓர் அழகிய நாகரிகத்தை எரித்தழித்த சூப்பர்நோவாவின் நாளைக் கணக்கிட்டு, அதுவே பெத்லகேமின்மேல் ஒளிர்ந்த விண்மீன் என்று காண்கிறார். அங்கே அறிவியலில் பெரும் ஓட்டையில்லை. வினாவோ விசுவாசத்தின் நெஞ்சிலேயே பாய்கிறது. சில பக்கங்களே கொண்ட அக்கதையை, நம் மாணாக்கர் முந்நூறு பக்க நாவலுக்கு முன்னதாகப் படிப்பது நலம்.

7. ஆமோசின் நண்பகல்

கதிரவன் இருளும் பகுதிகளுக்கு அறிவியல் காரணம் தேடும் பழக்கம் திருமறை விளக்கத்திலும் உண்டு. ஆமோஸ் எட்டாம் அதிகாரம் ஒன்பதாம் வசனத்தில், நண்பகலில் சூரியன் அடையும் என்கிறார் தீர்க்கர். கி.மு. 763 சூன் 15 அன்று நிகழ்ந்த சூரிய மறைப்பு அசீரியரின் ஆண்டுப் பட்டியலில் பதிவாகியுள்ளது. ஆமோசின் காலமும் ஏறத்தாழ அதுவே. ஆகவே அவர் அம்மறைப்பை நினைத்துப் பேசியிருக்கலாம் எனச் சில அறிஞர் கருதுகின்றனர். ஏற்கத்தக்க கருத்தே. ஆனால் சிலுவைநாளின் இருளுக்கு இவ்விளக்கம் செல்லாது. பஸ்கா முழுநிலவில் வருவது. சூரிய மறைப்போ அமாவாசையில் மட்டுமே நிகழ்வது. இதை மூன்றாம் நூற்றாண்டிலேயே யூலியு ஆப்பிரிக்கானு எடுத்துக்காட்டினார். தகுந்த காரணத்தை ஏற்பதும் தகாத காரணத்தைத் தள்ளுவதும் விசுவாசத்துக்கு எதிரானவையல்ல என்பதற்குத் திருச்சபைத் தந்தையரே சான்று.

ஆயினும் மறைப்பு என்னும் விடையோடு நின்றுவிடுவோர் ஆமோசைப் படிக்கவில்லை. எவ்வாறு இருண்டது என்பதற்கு நிலவு விடையாகலாம். ஏன் இருண்டது என்பதற்கு ஆமோஸ் தரும் விடை நான்காம் வசனம் முதல் ஆறாம் வசனம்வரை உள்ளது. மரக்காலைக் குறைத்தவர்கள், படிக்கல்லைக் கூட்டியவர்கள், கள்ளத் தராசு பிடித்தவர்கள், எளியவனை ஒரு சோடு பாதரட்சைக்கு வாங்கியவர்கள் ஆகியோரால் நிலம் அதிர்கிறது, சூரியன் அடைகிறது. காலணி தைக்கும் ஊர்களில் பிரசங்கிக்கும் நாம் இவ்வசனத்தை வேகமாகக் கடந்துபோகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. என்னிடம் வந்த இளைஞர் நாள்தோறும் பாதரட்சை தைப்பவர். கதிரவன் இருள்வதற்கு அவர் கேட்ட காரணம், அவர் கையிலேயே இருந்தது. நானோ நான்காம் கலசத்தைக் காட்டி அனுப்பினேன்.

8. காரணம் தெரிந்த பேரழிவு

கற்பனைப் பேரழிவுக்குக் காரணம் தேடி இடர்ப்படும் நாம், காரணம் முழுதும் தெரிந்த பேரழிவு ஒன்றின் கரையில் குடியிருக்கிறோம். பாலாற்றைக் கூறுகிறேன். டேனரி என்று நம் மக்கள் அழைக்கும் தோல் பதனிடும் சாலைகளில், தோல் அழுகாதிருக்க உப்பும் பதப்பட குரோமிய உப்பும் சேர்க்கப்படுகின்றன. தோலில் ஏறாது எஞ்சியவை கழிவுநீரில் கலக்கின்றன, நிலத்தடி நீரில் இறங்குகின்றன, கிணறுகள் உவர்க்கின்றன. இதில் எந்தப் புதிரும் இல்லை. ஆழ்சுரங்கத் தொட்டியும் தேவையில்லை. கிணற்று நீரை நாவில் வைத்தால் போதும். அழிவு நம் நாட்டின் ஒரு நீதிமன்றத் தீர்ப்பில் பதிவும் ஆயிற்று. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்றும், அறிவியல் உறுதி முழுமையாகக் கிட்டவில்லை என்பதைக் காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடலாகாது என்றும் கூறிற்று. 2025 சனவரியில் அதே நீதிமன்றம் இவ்வட்டாரத்தின் தோல் கழிவைப் பற்றி மீண்டும் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலம் ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள்.

இரண்டாவதாகக் கூறிய முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை இறையியல் மாணாக்கர் கூர்ந்து நோக்க வேண்டும். நம்பத்தகுந்த காரணம் ஒன்று இருந்தாலே செயலில் இறங்கவேண்டும் என்பது அதன் சாரம். கதாசிரியன் நம்பத்தகுந்த காரணத்தைத் தேடுவது, வாசகன் கதையை விட்டு எழாதிருக்க. நீதிமன்றம் அதைத் தேடுவது, குடிமகன் இருக்கையை விட்டு எழுவதற்காக. தீர்க்கதரிசி இரண்டையும் ஒருங்கே வேண்டுகிறார்.

இவ்விடத்தில் ஒரு நடுநிலையும் தேவை. டேனரி நம் சபையாரின் சோறு. அதன் வாயில் மூடினால் காணிக்கைப் பை மட்டுமன்று, வீட்டு அடுப்பும் குளிரும். தொழிலைச் சபித்துப் பிரசங்கிப்பது எளிது. தொழிலாளியின் கூலியையும் அவன் வீட்டுக் கிணற்றையும் ஒருங்கே காக்கும் வழியைத் தேடுவதே கடினம். எனினும் அக்கடினத்தைத் தவிர்க்கச் சூரியனைப் பேசுவோமானால், கிளார்க்கின் நாவலில் நான் கண்ட குறையை நம் பிரசங்கங்களிலும் காண்பேன். குற்றமற்ற அழிவைப் பேசுவது எவர்க்கும் இடறலாயிராது. சபையும் நிம்மதியாக வீடு திரும்பும்.

9. முடிவாக

கதிரவனின் பேரழிவுக்கு அறிவியல் காரணம் தேடும் எழுத்தாளரை நாம் ஏளனம் செய்யலாகாது. அவர் தம் கற்பனையை மெய்ம்மையின் தீர்ப்புக்கு உட்படுத்துகிறார். நம் பிரசங்கங்களில் பல அத்தகைய தீர்ப்புக்குத் தலை வணங்குவதில்லை. மூன்று நாள் இருள் வரும் என்று கைப்பேசிகளில் பரவும் வதந்திகளை நம் விசுவாசிகள் நம்புவதற்கு, காரணம் கேட்கும் பழக்கத்தை நாம் வளர்க்காததும் ஒரு காரணமன்றோ? அதே வேளையில் காரணம் கிடைத்தவுடன் கடமை முடிந்ததென்று எண்ணுவதும் தவறு. எவ்வாறு என்பதற்கு விடை கிட்டியபின்னும், யாரால், யாருக்கு, அதுவரை நாம் என்ன செய்தோம் என்னும் வினாக்கள் எஞ்சுகின்றன. கிளார்க்கின் நியூட்ரினோ முதல் வினாவுக்கு விடையாக முயன்று தோற்றது. ஆமோசின் நண்பகல் ஏனையவற்றுக்கு விடையாக இன்றும் நிற்கிறது.

அந்த இளைஞரைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். நாவலையும் கொடுத்தேன், காந்தப்புயலைப் பற்றியும் கூறினேன். ஆமோசின் எட்டாம் அதிகாரத்தை இருவரும் சேர்ந்து படித்தோம். பாதரட்சை என்னும் சொல் வந்தபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "ஐயா, என் கதையில் சூரியன் இருளப்போவது முதலில் யாருக்குத் தெரிய வேண்டும்?" என்று கேட்டார். அதற்கும் என்னிடம் ஆயத்தமான விடை இல்லை. இம்முறை அவரை அனுப்பிவிடவில்லை. கதை இன்னும் முடியவில்லை. ஞாயிறுதோறும் அந்த நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவருகிறார்.